சுமாரான எஸ்.பி.எம். முடிவு: எங்கே விண்ணப்பிக்கலாம்?

ரிங்லெட் பட்டணத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு லயத்து வீட்டு வாசல். எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் மாலை. வேலை முடிந்து வந்த அப்பா முகம் கழுவிக்கொண்டிருக்கிறார். அம்மா தேநீர் ஆற்றுகிறாள். மகள் முடிவுத் தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, பாஸா?" என்று கேட்கிறாள்.

"பாஸ்தான் அக்கா... ஆனா சுமார்."

இந்தச் 'சுமார்' என்ற ஒரு சொல்லோடு எத்தனை வீடுகளில் படிப்புப் பேச்சே முடிந்துபோகிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பத்து ஏ வாங்கிய பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. தலைவர்கள் வந்து மாலை போடுகிறார்கள். தோற்றுப்போன பிள்ளைக்குத் திட்டு விழுந்தாலும், மறுபடி எழுத வைக்க நாலு பேர் முன்வருகிறார்கள். நடுவில் நிற்கும் பிள்ளையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்கிறோம். அந்தக் கொஞ்ச நாளில் பையன் காய்கறித் தோட்டத்துக் கூடாரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். கையில் நாள் கூலி புரள்கிறது. மூன்று மாதம் கழித்துக் கல்லூரி என்று சொன்னால் அவன் காதில் ஏறுவதில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, அந்த நான்காக மடித்த தாளை முதலில் விரித்து மேசை மேல் வையுங்கள். ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம்.

மொத்தத்தில் சுமார் என்று ஒன்று இல்லை

நம்முடைய தாத்தா, அப்பா காலத்தில் எம்.சி.இ. என்று ஒரு தேர்வு இருந்தது. பின்னாளில் அது எஸ்.பி.எம். ஆயிற்று. அப்போதெல்லாம் சான்றிதழுக்கே ஒரு தரம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு, மூன்றாம் கிரேடு! மூன்றாம் கிரேடு என்றால் உத்தியோகம் தேடிப் போகும் இடமெல்லாம் முகம் சுளிப்பார்கள். 2000-ஆம் ஆண்டோடு அந்த வழக்கம் ஒழிந்தது. இப்போது கிடைப்பது திறந்த சான்றிதழ். எந்தப் பாடத்தில் என்ன வாங்கினாய் என்பது மட்டுமே அதில் இருக்கும். மொத்தத்துக்கு முத்திரை குத்துவது அரசாங்கம் அல்ல. நாம்தான் பழைய ஞாபகத்தில் குத்திக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு இவ்வளவுதான். சி-யும் அதற்கு மேலும் வாங்கிய பாடம் கிரெடிட். டி, இ என்றால் தேர்ச்சி மட்டும். ஜி என்றால் தோல்வி. 2013-ஆம் ஆண்டு முதல் மலாய்மொழியிலும் செஜாரா எனப்படும் சரித்திரத்திலும் தேறினால்தான் சான்றிதழே கையில் வரும். ஆகவே முதலில் கண் போக வேண்டியது இந்த இரண்டு வரிகளுக்கு. அவற்றில் ஒன்று ஜி ஆகிவிட்டால் அதற்காக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு பாடங்களுக்கும் மறுதேர்வு தனியாக நடக்கிறது. பள்ளியிலோ மாவட்டக் கல்வி இலாகாவிலோ பெயர் பதியும் தேதியை உடனே கேளுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு தாள்களை வைத்துக்கொள்வோம். இரண்டும் நான் கற்பனையாக எழுதியவை. ஆனால் நம் தோட்டங்களில் இப்படிப்பட்ட தாள்கள் ஏராளம்.

முதல் தாள் ஒரு பெண்பிள்ளையுடையது. தமிழ் ஏ-, நன்னெறி பி+, மலாய் பி, கணிதம் சி+, சரித்திரம் சி, ஆங்கிலம் டி, அறிவியல் டி, வணிகம் இ. ஐந்து கிரெடிட் இருக்கிறது, பார்த்தீர்களா? இந்தப் பிள்ளை "சுமார்" என்று தலை குனிந்துகொண்டு நிற்கிறாள்.

இரண்டாவது தாள் பக்கத்து லயத்துப் பையனுடையது. மலாய் சி, நன்னெறி சி, தமிழ் டி, கணிதம் இ, சரித்திரம் இ, அறிவியல் இ, ஆங்கிலம் ஜி. கிரெடிட் இரண்டுதான். ஆனால் மருந்தடிக்கும் பம்பு நின்றுபோனால் தோட்டத்தில் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரித்துப் போட்டு, துடைத்து, மறுபடி பூட்டி ஓட விட்டுவிடுவான். அந்தத் திறமைக்குத் தாளில் இடம் இல்லை. எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யும்போது நாம்தான் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து கிரெடிட்டுக்கு உள்ள வழிகள்

அந்தப் பெண்ணுக்கு ஆறாம் படிவம் ஒரு வழி. எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு. 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரித்துத் தேர்வு வைக்கிறார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதிய காலம் போய்விட்டது. செலவு மிகக் குறைவு. தமிழையே ஒரு பாடமாக எடுக்கலாம். தமிழில் ஏ-, மலாயில் பி வாங்கியவளுக்குக் கலைப் பிரிவு பொருந்தும். நன்றாகச் செய்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது; தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசைக்கு அது ஒரு பாதை. நேரே ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போக ஐந்து ஏ-யாவது கேட்பார்கள். அது இந்தத் தாளுக்கு எட்டாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவம் செலவில்லாத படிப்புதான், ஆபத்தில்லாத படிப்பு அல்ல. அது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான பாலம். பாலத்தைக் கடக்காமல் நடுவில் நின்றுவிட்டால் கையில் ஒரு தொழிலும் இருக்காது. ஒன்றரை ஆண்டு கழித்து வேலை தேடும்போது மறுபடியும் எஸ்.பி.எம். தாளைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளையா, தள்ளினால் மட்டும் படிக்கும் பிள்ளையா என்பது அம்மாவுக்குத் தெரியும். "வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பெண்பிள்ளையை வெளியூர் அனுப்ப வேண்டாம்" என்பதற்காக மட்டும் ஆறாம் படிவத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி போலிடெக்னிக். நம் மக்கள் இதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். நாட்டின் முதல் போலிடெக்னிக் ஈப்போவிலுள்ள உங்கு ஒமார், 1969-இல் தொடங்கியது. குவாந்தானிலுள்ள சுல்தான் ஹாஜி அகமட் ஷா போலிடெக்னிக் 1976-இல் வந்தது. இன்று நாடு முழுவதும் 36 இருக்கின்றன. எஸ்.பி.எம்.மில் மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கு மனுச் செய்யலாம். ஆனால் எந்த மூன்று என்பது பாடநெறிக்குப் பாடநெறி மாறும். பொறியியலுக்குக் கணிதக் கிரெடிட் அவசியம். நம் பெண்ணின் சி+ கணக்கியல், வணிகம் போன்ற டிப்ளோமாக்களுக்குக் கைகொடுக்கும். கட்டணமோ அரையாண்டுக்கு 200 ரிங்கிட் அளவில்தான். இரண்டரை, மூன்று ஆண்டில் டிப்ளோமா. அதற்குள்ளேயே ஒரு பருவம் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ நேரடிப் பயிற்சி. நன்றாகத் தேறினால் பட்டப்படிப்புக்கும் போகலாம். பத்து பகாட், மலாக்கா, பெர்லிஸ், நம் பகாங் என்று நான்கு இடங்களிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டிப்ளோமா முடித்தவர்களை எடுத்துக்கொள்கின்றன.

நாம் பகாங் மாநிலத்தில் இருப்பதால் குவாந்தானுக்குத்தான் போட வேண்டும் என்பது இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கி ஈப்போ போவது அரை நாள் காரியம். குவாந்தான் என்றால் நாட்டின் மறு கரை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளை வீடு வந்துபோகும் பஸ் கட்டணத்தையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். (குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஈப்போ, குவாந்தான் இரண்டுமே முதல் மாதம் அடுப்படிதான். அதற்கென்று ஒரு மின்விசிறிக் காசும் எடுத்து வையுங்கள்!)

மெட்ரிகுலேஷன் பற்றிக் கேட்பீர்கள். ஓராண்டுப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு, உண்மைதான். ஆனால் பூமிபுத்ரா அல்லாதவர்க்கு ஒதுக்கப்படும் இடம் பத்து விழுக்காடு. அதற்கு நிறைய ஏ வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தவிர, அதற்கு எஸ்.பி.எம். முடிவு வரும் முன்பே மனுப் போட வேண்டும். இந்த ஆண்டு ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். போட்டு வைப்பதில் நட்டமில்லை, அதை மட்டும் நம்பி இருப்பதில்தான் நட்டம்.

இரண்டு கிரெடிட் பையனுக்கு

அவனுடைய தாளில் டிப்ளோமாவுக்கு வழியில்லை. "அப்படியென்றால் தோட்டம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். கோலேஜ் கொமுனிட்டி என்ற சமூகக் கல்லூரிகள் 2001 முதல் நடக்கின்றன. பகாங்கிலேயே பெந்தோங்கிலும் லிப்பிஸிலும் இருக்கின்றன. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகச் சாலை திறந்த பிறகு லிப்பிஸ் முன்போல் தூரமும் இல்லை. எஸ்.பி.எம். தேறியவர்களை அங்கே சான்றிதழ்ப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதை நன்றாக முடித்தால் போலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு ஏறலாம். சுற்று வழிதான், ஆனால் மலைச்சாலையில் இறங்கிப் பழகிய நமக்கு வளைவு என்ன புதிதா?

இன்னொன்று, மனிதவள அமைச்சின் கீழ் நடக்கும் தொழிற்பயிற்சிக் கழகங்கள். ஐ.எல்.பி. என்று சொல்வார்களே, அவைதான். ஈப்போவிலும் இருக்கிறது, குவாந்தானிலும் இருக்கிறது. வெல்டிங், மின்சாரம், இயந்திரம், குளிர்சாதனம் போன்ற தொழில்கள். கையில் கிடைப்பது எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ்; ஒன்று முதல் மூன்று நிலைவரை. நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. பம்பு பிரிக்கும் அந்தப் பையனுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். புத்தகத்தைக் கண்டு ஓடுகிறவன் பட்டறையைக் கண்டு ஓட மாட்டான். இதற்கு எங்கே, எப்படி மனுச் செய்வது என்று பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போட்டாயிற்று, எல்லாம் அதில் அடங்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

பட்டியலை எப்படி நிரப்புவது?

அரசாங்கப் பல்கலைக்கழகம், போலிடெக்னிக், சமூகக் கல்லூரி எல்லாவற்றுக்கும் யு.பி.யு. வழியாகத்தான் மனு. 12 தேர்வுகள் வரை வரிசையாகக் கொடுக்கலாம். நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை கூட்டாளியின் கைப்பேசியில் உட்கார்ந்து, பெயர் கேட்டிருக்கிற பெரிய இடங்களாக நாலைந்து தட்டிவிட்டு மீதியைக் காலியாக விட்டுவிடுகிறது. அந்த நாலைந்துமே அதன் தாளுக்கு எட்டாதவை. கடைசியில் "இடம் கிடைக்கவில்லை" என்று பதில் வருகிறது. "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்!" என்கிறோம். ஒதுக்கீட்டில் நமக்குக் குறை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலியாக விட்ட எட்டு வரிகள் நம்முடையவை.

என் யோசனை இது. முதல் இரண்டு வரிகளில் பிள்ளை ஆசைப்படும், கொஞ்சம் எட்டாத இடங்களைப் போடட்டும். ஆசையை அடியோடு வெட்டக் கூடாது. அதற்கு அடுத்த ஆறேழு வரிகள் தாளுக்குச் சரியாகப் பொருந்தும் பாடநெறிகள். ஒவ்வொன்றின் குறைந்தபட்சத் தகுதியையும் படித்து, பிள்ளையின் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டு டிக் போடுங்கள். ஒரு பாடத்தில் தகுதி குறைந்தாலும் அந்த வரி வீண். கடைசி மூன்று வரிகள் நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை. ஆனால் கிடைத்தால் மனமுவந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். போகவே போகாத இடத்தை எழுதி என்ன பயன்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தேர்வு செய்யும் மதிப்பெண்ணில் பாடத்துக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. சாரணர், பந்து விளையாட்டு, தமிழ்மொழிக் கழகம் என்று பிள்ளை ஓடியாடியதற்கெல்லாம் மதிப்பு உண்டு. நடுத்தர முடிவு வாங்கிய பிள்ளைகள் நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் அந்தப் பத்துதான் ஒருவரை முன்னே தள்ளும். அந்தப் புள்ளி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிவு வெளியான பின் தேர்வுகளைத் திருத்தக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சமே.

மண்டபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

முடிவு வந்த வாரமே பட்டணத்து மண்டபங்களில் தனியார் கல்லூரிகளின் 'கல்விக் கண்காட்சி' வந்துவிடும். குளிர்பானம் கொடுப்பார்கள், "அம்மா, அப்பா" என்று தமிழிலேயே அன்பாகப் பேசுவார்கள், மடிக்கணினி இலவசம் என்பார்கள். என் அண்ணன் மகள் இப்படித்தான் ஓரிடத்தில் ஐந்நூறு ரிங்கிட் முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வாரத்தில் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டோம், எங்களால் முடிந்தது. உங்களால் முடியுமா?

தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் சமுதாய முயற்சியில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001 முதல் கெடாவில் நடக்கிறது. சிரம்பானில் தேஃப் கல்லூரி இருக்கிறது. எங்கே சேர்வதானாலும் முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாடநெறி எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பாடநெறியே இருக்க வேண்டும். இதற்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா? விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசி நாள் வரை மொத்தம் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து கிரெடிட் இருக்கும் பிள்ளையிடம் "ஃபவுண்டேஷன் சேர், நேராகப் பட்டம்" என்று சொல்வார்கள். விதிப்படி தகுதி இருக்கலாம். ஆனால் அந்த ஓராண்டுக்குப் பி.டி.பி.டி.என். கடன் கிடையாது, முழுவதும் உங்கள் கைப்பணம். நடுவில் நின்றுவிட்டால் அதற்கு வெளியில் மதிப்பும் குறைவு. டிப்ளோமாவுக்குக் கடன் உண்டு, முடித்தால் அதுவே ஒரு தொழிற்சான்று. தோட்டத்துக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

பணம் எங்கிருந்து?

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இருவர் வேலை செய்யும் வீட்டில்கூட அரிசி, மளிகை, கடன் போக மிஞ்சுவது நமக்குத் தெரியாததா? அதனால் கடனைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். ஆனால் தெரிந்து வாங்குங்கள். பி.டி.பி.டி.என். 1997-இல் தொடங்கியது, டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணம், படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். மனுச் செய்யும் முன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். எஸ்.கே.எம். பயிற்சிக்கு அது கொடுக்காது, அதற்கு பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதி தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாதம் அலைந்தவர்களை நான் அறிவேன்.

அப்பா அம்மாவின் சேமநிதியில், 2024 மே முதல் 'செஜாத்தெரா' என்று பெயர் பெற்ற கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமா அல்லது பட்டப்படிப்புக்குப் பணம் எடுக்கலாம். எடுத்தால் வயதான காலத்துக் காசு குறையும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தாவோ பாட்டியோ மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்திருக்கலாம். பெட்டியில் அந்தப் பழைய புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் கல்வி உதவி கொடுத்து வருகிறது.

இவ்வளவும் செய்த பின் ஒரு சின்ன வேலை பாக்கி. மனுவில் தொலைபேசி எண் ஒன்று கேட்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதும், இடம் கிடைத்ததைச் சொல்வதும் அந்த வழியாகத்தான் வரும். குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்வதாகப் பதில் தராவிட்டால் கிடைத்த இடமும் கை நழுவும். மலைக்குப் பின்னாலுள்ள நம் லயங்களில் பாதி வீடுகளில் லைன் கிடைப்பதில்லை; பிள்ளைகளோ மாதம் ஒரு நம்பர் மாற்றுகிறார்கள். ஆகவே மாறாத எண்ணாக, பட்டணத்தில் வேலை செய்யும் மாமாவுடையதோ சித்தப்பாவுடையதோ எழுதுங்கள். எழுதிவிட்டு, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.